தமிழுக்கு இலக்கம் இரண்டு

"இல்லைப் பிள்ளை, நான் இப்பதான் அமத்தினனான். கொஞ்சம் பொறும் பாப்பம்."

அப்பா போனோடு கதைத்துக்கொண்டிருந்தார். மற்றப்பக்கம் இருந்த பிள்ளை பொறுக்கவில்லை. "தவறான தெரிவு. தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்" என்றாள். அப்பாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஏதோ கந்தோருக்குப் போய் பிழையான வரிசையில் நின்று ஏச்சு வாங்கிய மாதிரி.

அந்தப் பிள்ளை நான்தான். மூன்று கிழமைக்கு முதல் யாழ்ப்பாணத்தில் என்ர போடிங் அறையில், ஃபானை நிப்பாட்டிவிட்டு, தலைக்கு மேல் பெட்சீற்றைப் போர்த்துக்கொண்டு, பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர் எப்ப ஓயும் எண்டு காத்திருந்து பதிவுசெய்த குரல் அது. "தவறான தெரிவு" என்பதை மட்டும் ஆறு தடவை பதிந்தேன். ஆறாவதுதான் நல்லாயிருந்தது என்று நினைத்தேன். நல்ல திருத்தமாக, செய்தி வாசிக்கிறவை மாதிரி, 'ற'கரம் எல்லாம் சரியாக விழுந்திருந்தது.

இந்த வேலை எனக்குக் கிடைத்தது தற்செயலாக. கமக்காரருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லுற ஒரு திட்டத்துக்குத் தமிழ்க் குரல் தேவை எண்டு பீடத்தில் ஒரு சீனியர் அக்கா குறூப்பில் போட்டிருந்தா. ஆங்கிலத்தில் எழுதிய வசனங்களைத் தமிழாக்கி, வாசித்துப் பதிந்து கொடுக்க வேண்டும். ஒரு மாத போடிங் காசுக்குக் கிட்ட வரும். நான் கலைப்பீடத்தில் மூன்றாம் வருசம், மொழியியல் ஒரு பாடம். பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்குப் பரிசு வாங்கின ஆள் வேற. இதை விட எனக்குப் பொருத்தமான வேலை இருக்குமா?

இப்படியான சேவை ஒன்றும் புதிதில்லை. இலங்கையில் இருக்கிற எல்லாருக்கும் அதன் ராகம் தெரியும். ஒரு இலக்கத்துக்கு எடுப்பீர்கள். முதலில் சிங்களத்தில் ஒரு குரல் வரும். பிறகு "தமிழுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும்" வரும். பிறகு ஆங்கிலம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் இருக்கிற அந்த "தமிழும்" என்கிற உம் விகுதி, நடைமுறையில் எங்களுக்குக் கிடைக்கிறது இந்த இரண்டாம் இலக்கமாகத்தான். சில இடங்களில் இரண்டை அமத்தினாலும் மற்றப்பக்கத்தில் எடுக்கிறவர் சிங்களத்தில் "ஹலோ, கியன்ன" என்பார். அது வேற கதை. எங்கட திட்டம் வடக்கு கிழக்குக்கு என்றபடியால் நேரே தமிழிலேயே தொடங்கும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒருத்தரும் இரண்டாவதாகக் காத்திருக்கத் தேவையில்லை.

அந்தப் பெருமை அப்பாவின் பட்டன் போனில் பத்து நிமிசம்கூட நிற்கவில்லை.

அப்பாவுக்கு வலது காது கேட்காது. 2009க்குப் பிறகு அப்படித்தான். அதைப்பற்றி அவர் கதைக்கிறதில்லை, யாராவது வலதுபக்கம் இருந்து கதைத்தால் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுவார், அவ்வளவுதான். போனை இடது காதில் வைத்து அழுத்திப் பிடிப்பார். இப்ப யோசித்துப் பாருங்கள். குரல் "இலக்கத்தை அழுத்தவும்" என்று சொல்லுகிறது. பட்டன் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமத்துவதற்குப் போனைக் கீழே இறக்க வேண்டும். கண்ணாடியைத் தேட வேண்டும். பட்டனில் இலக்கம் எல்லாம் அழிந்துபோய் இருக்கிறது, நடுவில் இருக்கிறது ஐந்து எண்டு கணக்குப் பார்த்து அமத்த வேண்டும். பிறகு திரும்பக் காதுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கட சிஸ்டம் நான்கு செக்கன் பொறுக்கும். அதற்குள் ஒன்றும் வராவிட்டால் "தவறான தெரிவு". அப்பா காதுக்குக் கொண்டுபோகிற நேரம் அடுத்த பட்டியலில் முதல் இரண்டு தெரிவும் சொல்லி முடிந்திருக்கும்.

ஸ்மார்ட் போனில் இதைச் சரிபார்த்த யாருக்கும் இது தெரியவராது. நாங்கள் எல்லாரும் ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்து, கிளிக் கிளிக் எண்டு அமத்திப் பார்த்து "வேலை செய்யுது" எண்டு சொன்னவர்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. அது தொழில்நுட்பப் பிழைகூட இல்லை. சுத்தமான தமிழ்ப் பிழை.

"நெற்செய்கை தொடர்பான தகவல்களைப் பெற்றுக்கொள்ள இலக்கம் ஒன்றை அழுத்தவும்" என்று நான் எழுதியிருந்தேன். அப்பா போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எந்த இலக்கத்தை?"

"ஒண்டைத்தான் அப்பா."

"ஓம், ஒண்டைத்தான். எதை?"

எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. "புத்தகம் ஒன்றை வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "ஆள் ஒருவரைக் கண்டேன்" என்றால் யாரோ ஒருவர். "இலக்கம் ஒன்றை அழுத்தவும்" என்றால்? ஏதாவது ஒரு இலக்கத்தை அமத்து. அப்பா கேட்டது நூறு வீதம் சரியான கேள்வி. எழுத்தில் '1' என்று போட்டால் இந்தக் குழப்பம் வராது. காதுக்கு '1' என்று ஒன்று இல்லை. நாடு முழுக்க எத்தனையோ தொலைபேசிக் குரல்கள் இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் பழகிப்போய் விளங்கிக்கொள்கிறோம், தமிழ் விளங்கி அல்ல. மொழியியல் படிக்கிற எனக்கு அதைச் சொல்லித்தர, எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போன ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. (பாருங்கள், "ஆள் ஒருவர்".)

அடுத்தது பூச்சி. நெல்லுக்குப் போய், நோய் பீடைக்குப் போய், ஒருமாதிரி மூன்றாவது படிக்கு வந்துவிட்டார். "கபில நிறத் தத்தியின் தாக்கம்" என்று என் குரல் சொன்னது. அப்பா தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்கக் காத்திருந்தார். எல்லாம் முடிந்தது. "அறக்கொட்டியானைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?" என்றார். அறக்கொட்டியானும் கபில நிறத் தத்தியும் ஒன்றுதான். திணைக்களத் துண்டுப்பிரசுரங்களில் இருக்கிற பெயர் தத்தி. கிளிநொச்சியில் நான் பிறந்த நாளில் இருந்து கேட்ட பெயர் அறக்கொட்டியான். ஒரு நல்ல வயலில் வட்ட வட்டமாக எரிந்த மாதிரி மஞ்சளும் கபிலமுமாகப் போனால், அதைப் பார்த்த உடனே வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்திச் சொல்லுற பெயர். எனக்கு அது தெரியாமல் இல்லை. எழுத உட்கார்ந்த உடனே அது எனக்கு மறந்துபோனது. எழுத்து வேற, வீடு வேற எண்டுதானே எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

அம்மா அடுப்படியில் இருந்து கேட்டா, "கோழிக்கு வருத்தம் எண்டால் எத்தினையை அமத்திறது?" கோழிக்கு இலக்கம் இல்லை. வீட்டுத்தோட்டத்துக்கும் இல்லை. அம்மாவின் கைச்செலவு வருகிற இரண்டும் பட்டியலிலேயே இல்லை. அம்மாவிடம் சொந்தமாகப் போனும் இல்லை, அப்பா வயலால் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் அது அம்மாவின் கைக்கு வரும். பட்டியலை எழுதினவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் மனதில் போன் எடுக்கிறவராக அம்மா வரவில்லை என்பது தெரிந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து இதை ஒரு விரிவுரையாளருக்குச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு சில ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினார். "நீர்தான் முதல் ஆள் எண்டு நினைக்காதேயும்" என்று ஒரு வசனமும் போட்டு. இரண்டு இரவு இருந்து வாசித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படி வாசித்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது குஜராத்தில் நடந்த ஒன்று. பெயர் அவாஜ் ஓட்லோ. அவாஜ் என்றால் குரல். ஓட்லோ என்றால் வீட்டு முகப்பில் ஆட்கள் கூடியிருந்து கதைக்கிற இடம். எங்கட சொல்லில் திண்ணை. குரல் திண்ணை! நீல் பட்டேல் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் அங்கே கிராமத்தில் வேலைசெய்யும் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. சிறு விவசாயி ஒருவர் போன் எடுத்துத் தன் கேள்வியைத் தன் குரலிலேயே பதிந்துவிடுவார். இன்னொருவரோ நிபுணரோ பதில் பதிவார். யாரும் எடுத்துக் கேட்கலாம். 51 பேரோடு ஏழு மாதம் நடத்திப் பார்த்தார்கள். நிபுணர்கள் ஆயத்தம்செய்த அறிவித்தல்களை விட அந்தக் கேள்வி பதில் பகுதிக்குத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். தான் கேள்வி கேட்காதவர்கூட மற்றவன் என்ன கேட்டான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். திண்ணையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கதைக்கிறவர்களா என்ன?

அதே குஜராத்தில் அதற்கு முதல் இன்னொன்றும் சோதித்திருந்தார்கள். வாயால் சொல்லித் தெரிவு செய்வது சுலபமா, பட்டனை அமத்துவது சுலபமா? நான் வாய்தான் என்று நினைத்தேன், அப்பாவைப் பார்த்த பிறகு. இல்லை. பட்டன் அமத்தியவர்கள்தான் கூடுதலாக வேலையை முடித்திருந்தார்கள். பொட்ஸ்வானாவில் எச்ஐவி தொற்றுள்ள பிள்ளைகளைப் பராமரிப்பவர்களுக்கான சேவை ஒன்றிலும் இதைச் சோதித்தார்கள். செய்துமுடிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஆட்களுக்குப் பட்டன்தான் விருப்பமாக இருந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. பக்கத்தில் மாமியார் இருக்கிற வீட்டில், இல்லாவிட்டால் பஸ்ஸுக்குள், அப்படி ஒரு வருத்தத்தின் பெயரை யார்தான் வாய்விட்டுச் சொல்லுவார்கள்?

கணினித்துறையில் இருக்கிற நண்பன் ஒருத்தன் இதெல்லாம் பழங்கதை எண்டான். இப்ப ஏஐ வந்திட்டுது, கதைச்சா அதுக்கு விளங்கும், பட்டனே தேவையில்லை. சரி எண்டு அவன்ர போனிலேயே சொல்லிப் பார்த்தோம். "கபில நிறத் தத்தி" அச்சொட்டாக விழுந்தது. "அறக்கொட்டியான்" என்பதை "அறை கட்டியான்" என்று எழுதியது. அவன் இன்னும் நாலு தரம் சொன்னான், ஒவ்வொரு தரமும் இன்னும் திருத்தமாக, இன்னும் செய்தி வாசிப்பவன் மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் கவனித்தீர்களா, மெசினுக்கு விளங்காத உடனே மாறினது அவன்ர கதைதான்.

லாகூரில் நடந்ததையும் சொல்லாமல் விட ஏலாது. அங்கே அகா அலி ராசா, ரோனி ரோசன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர்கள் 'பொலி' என்று ஒரு தொலைபேசி விளையாட்டைச் செய்தார்கள். நீங்கள் ஏதாவது சொல்ல அது உங்கட குரலை வேடிக்கையாக மாற்றும், அதை நண்பருக்கு அனுப்பலாம். அவ்வளவுதான். 2011இல் ஒரு அலுவலகத்தின் கடைநிலை ஊழியர்கள் சிலருக்குக் கொடுத்தார்கள். யாரும் படிப்பிக்கவில்லை, விளம்பரம் இல்லை. மூன்று கிழமையில் 2,000 பேர், 10,000 அழைப்புகள். செலவு தாங்காமல் இவர்களே நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த வருசம் திரும்பத் தொடங்கியபோது, விளையாட வந்தவர்களுக்கு அதே இலக்கத்தில் வேலைவாய்ப்பு விளம்பரங்களையும் கேட்கக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்து கேட்டார்கள்.

இதை வாசித்துவிட்டு எனக்கு முதலில் வந்தது கொஞ்சம் கோபம். எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பட்டியலே விளங்காது என்று நாங்கள் எல்லாரும் முடிவுகட்டி வைத்திருந்தோம். சிரிப்புக் காட்டுகிற ஒன்று என்றால் அதே ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து ஒரு நாளில் பழகிவிடுகிறார்கள். அப்படியென்றால் விளங்காமல் போனது பட்டியலா, அல்லது எங்களோடு கதைக்கிற விருப்பமா?

திட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். நான்கு செக்கனைப் பத்தாக்க வேண்டும். "தவறான தெரிவு" வேண்டாம், "எனக்கு விளங்கேல்லை, இன்னொருக்கா அமத்துங்கோ" போதும். பிழை அவற்ர இல்லை, மெசினின்ர. முதலில் விசயம், பிறகு இலக்கம்: "நெல்லுக்கு, ஒண்டாம் இலக்கம்." ஒரு பட்டியலில் மூன்றுக்கு மேல் வேண்டாம், நாலாவது வரும்போது முதலாவது மறந்துபோகும். அறக்கொட்டியான் எண்டே சொல்ல வேண்டும். கோழி வேண்டும். மிஸ்ட் கோல் கொடுத்தால் நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும். சத்தீஸ்கரில் கோண்டி மொழி பேசும் ஆட்களுக்காக 2010இல் தொடங்கிய சிஜிநெற் ஸ்வரவில் அப்படித்தான், இலக்கத்துக்கு எடுத்து வைத்துவிட்டால் அது திருப்பி எடுக்கும், காசு கூப்பிடுகிறவருக்கு இல்லை. றீலோட் இருபது ரூபாவை மிச்சம்பிடிக்கிற ஆளிடம், கேட்டுக் கேட்டு அமத்தச் சொல்லுகிற ஒவ்வொரு செக்கனும் காசு.

ஒருங்கிணைப்பாளர் அண்ணா நல்ல மனிசன். கவனமாகக் கேட்டார். செக்கன் மாற்றலாம், வரிசை மாற்றலாம், மூன்று தெரிவு சரி. மிஸ்ட் கோலுக்குக் காசு ஒதுக்கேல்லை. கோழி இந்தத் திட்டத்துக்குள் வராது. பிறகு மொழிக்கு வந்தார். "தங்கச்சி, நீங்கள் சொல்லுற 'எண்டு', 'அமத்து' எல்லாம் மட்டக்களப்பில என்ன செய்யும்? மன்னாரில? நாங்கள் பொதுத் தமிழில போறதுதான் பாதுகாப்பு."

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. என்ர றூம்மேற் மட்டக்களப்பு. அவள் "மறுகா" என்றால் எனக்கு முதல் வருசம் விளங்கவே ஒரு மாதம் போயிற்று. என்ர அப்பாவுக்கு வீடு மாதிரி இருக்கிற குரல், அவளின் அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தார் வந்து புத்தி சொல்லுற மாதிரி இருக்கும். அதைவிடச் செய்தித்தமிழ் பரவாயில்லை என்றுகூட அவர் நினைக்கலாம். பேச்சுத்தமிழில் எழுதுவோம் எண்டு சொல்லுறது சுகம், யாருடைய பேச்சு எண்டு கேட்டால்தான் தெரியும்.

அன்றிரவு நானும் அவளும் இருந்து ஒவ்வொரு வசனமாகப் பார்த்தோம். இரண்டு பேர் வாய்க்கும் அந்நியமாக இல்லாத வசனம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். "பெற்றுக்கொள்ளும் பொருட்டு" போய்விட்டது. "தொடர்பான" போய்விட்டது. விகுதிகளைக் குறைத்துக்கொண்டே போனோம். கடைசியில் மிஞ்சியது: "நெல்லுக்கு, ஒண்ணாம் இலக்கம்." அதிலும் ஒண்டா, ஒண்ணா, ஒன்றா என்று ஒரு மணித்தியாலம் சண்டை. "முதலாம் இலக்கம்" என்று முடித்தோம். பூச்சிக்கு இரண்டு பெயரையும் சொல்லுவது என்று முடிவெடுத்தோம். அவளுக்கும் அந்த வேலையில் பாதிக் காசு கொடுத்தேன் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன், இல்லாவிட்டால் கொமென்ற்றில் வந்து கேட்பாள்.

காலபோகத்துக்குச் சேவை தொடங்கியது. தை மாதம் எங்கட வயலில் அறக்கொட்டியான் கண்டது. நான் அப்போது வீட்டில் இல்லை. அப்பா தானாகவே போன் எடுத்திருக்கிறார், தானாகவே அமத்தி, சரியான இடத்துக்கே போய்விட்டார். இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் போடிங்கில் துள்ளினேன்.

அந்தப் பதிவு என்ன சொல்லும் என்று எனக்கு மனப்பாடம். பயிரின் அடியைப் பிரித்துப் பாருங்கள், தத்தி அடித்தண்டில்தான் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும். யூரியாவை இனிப் போடாதீர்கள். வயலில் நிற்கிற தண்ணியை மூன்று நாலு நாளைக்கு வடிய விடுங்கள். கண்ட உடனே கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், தத்தியைத் தின்கிற சிலந்தியும் சேர்ந்து செத்தால் தத்தி முன்னையை விடக் கூடிவரும். அடித்தே ஆகவேண்டும் என்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, அடித்தண்டில் படும்படி அடியுங்கள்.

அப்பா முழுவதையும் கேட்டிருக்கிறார். பிறகு கடைக்குப் போய், கடைக்காரர் தந்த இரண்டு மருந்தைக் கலந்து, மேலால் அடித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு கிழமையில் ஒரு ஏக்கருக்குக் கிட்ட எரிந்துபோனது. அந்த வருசம் என் தம்பியின் ஏஎல் ரியூசன் காசு அந்த வெட்டை நம்பித்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "அதுதான் அடிக்க வேண்டாம் எண்டு சொன்னதே, கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான்."

"பிறகேன்?"

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீ வயலுக்குள்ள இறங்கி எத்தினை வருசம் பிள்ளை?" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே கணக்குப் பார்க்கிறவர் மாதிரிக் கேட்டார். "குரல் நல்ல வடிவா விளங்கினது. ஆனால் அது நீதானே."

அப்போதுதான் வாசித்த இன்னொரு கட்டுரை நினைவுக்கு வந்தது. வாசித்த நேரம் அவ்வளவு கவனிக்கவில்லை. அதே குஜராத், 305 விவசாயிகள், ஏழு ஆலோசனைகள். ஒரே ஆலோசனையை விஞ்ஞானிகளின் குரலிலும் பதிந்தார்கள், சக விவசாயிகளின் குரலிலும் பதிந்தார்கள். போனில் தொடக்கத்தை மட்டும் கேட்கக் கொடுத்து, மிச்சத்தைக் கேட்க விருப்பமென்றால் ஒரு இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னார்கள். விவசாயியின் குரலைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நேரே கேட்டபோது பெரும்பாலானவர்கள் விஞ்ஞானி சொல்லுறதுதான் தங்களுக்கு விருப்பம் என்று சொன்னார்கள். மரியாதைக்குச் சொல்லியிருப்பார்கள். அப்பாவையும் யாராவது படிவத்தோடு வந்து கேட்டிருந்தால் "நல்ல பிரயோசனமான சேவை, நன்றி" எண்டுதான் சொல்லியிருப்பார்.

நான் செக்கனையும் சொல்லையும் திருத்தினேன். யார் கதைக்கிறது என்பதை யோசிக்கவே இல்லை.

எங்கட வரம்புக்கு அங்கால் மாமா ஒருவர் வயல் செய்கிறார். சொந்தம் இல்லை, ஆனால் மாமாதான். அந்த முறை அவருடைய வயலிலும் அறக்கொட்டியான் கண்டது, அவர் தண்ணியை வடிய விட்டு, மருந்து அடிக்காமல் பொறுத்து, பெரிய சேதம் இல்லாமல் வெட்டினவர். அவரிடம் போய், என்ன செய்தீர்கள் எண்டு சொல்லுங்கோ மாமா, பதியப்போறன் என்றேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு வரம்பில் குந்தியிருந்து ஒரே மூச்சில் சொன்னார். ஒரு நிமிசம் நாற்பது செக்கன். இடையில் லான்ட்மாஸ்ரர் ஒன்று போகிறது, அவர் அதில் போனவரோடு "சரி சரி பின்னேரம் வா" என்று கதைத்துவிட்டுத் திரும்ப வருகிறார். "தண்ணிய வடியவிட எனக்கும் நெஞ்சு இடிச்சது தான்" என்று ஒரு இடத்தில் சொல்லுகிறார். அந்த வசனத்தை நான் நூறு வருசம் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

அதைத் திட்டத்துக்கு அனுப்பினேன். குரல் தரம் போதாது என்று பதில் வந்தது. திருத்தமாக இன்னொருக்கா, அமைதியான இடத்தில் பதிந்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சிறுபோகம் தொடங்க முதல் திட்டக்காலம் முடிந்துவிட்டது. இப்போது அந்த இலக்கத்துக்கு எடுத்தால், அது பாவனையில் இல்லை என்று சொல்லுகிற அறிவித்தல் வரும். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்.

மாமாவின் பதிவை அவருடைய மகன் ஊர்க் கமக்காரர் வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டான். போன மாதம் வீட்டுக்குப் போனபோது அது எப்படியோ பரந்தன் பக்கம் ஒரு குறூப்புக்குப் போய், அங்கே இன்னொருவர் "எங்கட பக்கம் தண்ணி அப்பிடி வடியாது, நாங்கள் என்ன செய்யிறது?" எண்டு ஒரு வொய்ஸ் போட்டு, மாமா அதுக்குப் பதில் போட்டு, அதுக்கு வேற ஆரோ பதில் போட்டு, ஒரே சண்டை. அப்பாவிடம் இப்பவும் பட்டன் போன்தான். மாமா வீட்டு முன் விறாந்தையில் இருந்து மாமாவின் போனை வாங்கி இடது காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவன் ஆர், பிழையாச் சொல்லுறான்," என்றார். "இதில எனக்குக் கதைக்கிறதெண்டால் எதை அமத்திறது?"